குரக்கன் நல்லதாம். சரி, ஆர் அவிக்கிறது?

போன வருசம் அம்மா பதினொரு நாள் ஆசுப்பத்திரியில இருந்தா. காலில ஒரு சின்னக் காயம், செருப்பு உரஞ்சினது. சீனி வருத்தம் உள்ள ஆக்களுக்கு சின்னக் காயம் எண்டு ஒண்டு இல்லை எண்டது எங்களுக்கு அப்பதான் விளங்கினது. கால் தப்பிச்சுது. அதைப் பற்றி இதுக்கு மேல நான் எழுதேல்லை.

எழுத வந்தது வீட்டில மிஞ்சின மூண்டு ஆம்பிளையளைப் பற்றி. அப்பா, நான், ஓ.எல். படிக்கிற தம்பி. கல்கிசையில காலி வீதியில இருந்து கடல் பக்கமா இறங்கிற ஒரு ஒழுங்கையில ரெண்டு அறை வீடு. அந்தப் பதினொரு நாளும் காலமை பாண், மத்தியானம் கடைச் சோறு, இரவு கொத்து. கொத்துக்குக் காசு இல்லாட்டி திரும்பவும் பாண். இவ்வளவுக்கும் எங்கட குசினித் தட்டில ரெண்டு கிலோ குரக்கன் மா இருந்தது. ஒரு போத்தல் நிறையப் பயறு இருந்தது. தீட்டாத சிவப்பரிசி ஒரு பை இருந்தது. பல்கலைக்கழகத்தில படிக்கிற ஒருத்தன், முப்பது வருசம் கணக்குப் பார்த்த ஒருத்தர், விஞ்ஞானத்துக்கு எப்பவும் ஏ எடுக்கிற ஒருத்தன், மூண்டு பேரும் அந்தப் போத்தலுகளைப் பார்த்துக்கொண்டு நிண்டம். அதை வைச்சு என்ன செய்யிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரப் போன அண்டைக்கு ஒரு கடதாசி குடுத்தவை. தீட்டாத அரிசி, குரக்கன், பயறு, கடலை சேர்க்கவும். கோதுமை மாச் சாப்பாட்டைக் குறைக்கவும் எண்டு நல்ல தமிழில அச்சடிச்ச கடதாசி. பிழை சொல்ல ஒண்டும் இல்லை. ஆனா அதை அம்மான்ர கையில குடுத்தவை. பக்கத்தில தடி மாதிரி நிண்ட எங்கள் மூண்டு பேரையும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்லை. வீட்ட வந்து, கட்டுப் போட்ட காலோட, அந்தக் கடதாசியைக் குளிர்சாதனப் பெட்டியில ஒட்டிப்போட்டு, குசினிக்க போய் நிண்டதும் அம்மாதான்.

எனக்கு அண்டைக்கு வந்த கோபம் இன்னும் போகேல்லை. முதல்ல என்னில கோபம். பிறகு இவ்வளவு வருசம் என்னைப் படிப்பிச்ச ஒழுங்கில கோபம்.

கண்காட்சியில தினை

"சிறுதானியம் சாப்பிடுங்கோ" எண்டு சொல்லாத ஆள் இண்டைக்கு இல்லை. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு எண்டு அறிவிச்சது. அந்த வருசம் முழுக்க வட்சப்பில வராத குரக்கன் படம் இல்லை. சுப்பர்மாக்கெற்றில தனித் தட்டு. பாடசாலைகளில பாரம்பரிய உணவுக் கண்காட்சி.

அந்தக் கண்காட்சி எப்பிடி நடக்கும் எண்டு உங்களுக்கும் தெரியும், நீங்களும் அதில நிண்டிருப்பீங்கள். வெள்ளிக்கிழமை கண்காட்சி எண்டா வியாழக்கிழமை பின்னேரம் ரீச்சர் பட்டியல் தருவா. ஆருக்கு என்ன சாப்பாடு எண்டு. பட்டியல் நேர அம்மாட்டப் போகும். அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி அவிச்சு, வாழையிலை வெட்டி, பெட்டியில வைச்சுத் தருவா. நாங்கள் வேட்டி கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால நிண்டு, "குரக்கனில் கல்சியம் அதிகம் உண்டு" எண்டு பாடமாக்கினதை ஒப்புவிப்பம். அதிபர் ஒரு கரண்டி ருசி பார்ப்பார். படம் எடுப்பினம். இடைவேளைக்கு நாங்கள் கன்ரீனில ரோல்ஸ் வாங்கிச் சாப்பிடுவம்.

நான் எட்டாம் வகுப்பில தினைப் பாயாசத்துக்குப் பொறுப்பு. எனக்கு முன்னால ரெண்டு கிண்ணத்தில தானியம் வைச்சிருந்தது, ஒண்டு தினை, மற்றது சாமை. எது எது எண்டு வந்த ஒரு அம்மம்மா கேட்டா. எனக்குத் தெரியாது. அவவே தொட்டுப் பார்த்துச் சொல்லிப்போட்டுப் போனா.

இதைத்தான் நான் எதிர்க்கிறன். குரக்கனை இல்லை, தினையை இல்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசப் பிள்ளையைப் பழக்கி, சமைக்கிற வேலையைத் தாயில சுமத்துற இந்தப் பழக்கத்தை. சத்துப் பற்றின எங்கட அறிவு முழுக்க வாயில இருக்கு. கையில ஒண்டும் இல்லை.

நாங்கள் பரீட்சையில எழுதினது

ஒரு நெல்மணியில உமியைக் கழட்டினா உள்ளே மூண்டு பகுதி. வெளியில தவிடு, ஒரு மூலையில முளை, நடுவில மாச்சத்து. மூண்டும் சேர்ந்திருந்தா முழுத்தானியம். தீட்டினா தவிடும் முளையும் போய் வெள்ளையா மாச்சத்து மட்டும் மிஞ்சும். நாரும் தயமினும் இரும்பும் பெரும்பாலும் தவிட்டோடயும் முளையோடயும் போயிடும்.

இது எப்பிடித் தெரிய வந்தது எண்டதும் எங்கட பக்கத்து ஆசியாவில நடந்த கதைதான். 1890களில யாவாத் தீவில இருந்த ஒல்லாந்து மருத்துவர் கிறிஸ்தியான் ஐக்மான், வெள்ளையாத் தீட்டின அரிசிச் சோறு திண்ட கோழியளுக்குக் கால் இழுக்கிறதையும், தவிட்டரிசி குடுத்தா அதுகள் சுகப்படுறதையும் கண்டார். பெரிபெரி வருத்தத்தின்ர முடிச்சு அங்கயிருந்துதான் அவிழ்ந்தது. 1929இல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. குரக்கனை எடுத்தா, 100 கிராமில ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கு. அதே அளவு வெள்ளையரிசியில 10 மில்லிகிராமுக்குக் கிட்டத்தான். குரக்கனில உள்ள எல்லாக் கல்சியத்தையும் உடம்பு எடுக்காது, ஊறவைச்சு முளைகட்டினா கொஞ்சம் கூட எடுக்கும்.

இதெல்லாம் பாடத்தில இருக்கு. நாங்கள் எழுதிப் புள்ளியும் எடுத்தம். ஆனா "ஊறவைச்சு முளைகட்டினா" எண்டு எழுதின பிள்ளைக்கு, எவ்வளவு நேரம் ஊற வேணும், என்ன துணியில கட்ட வேணும், புளிச்ச மணம் வந்தா என்ன செய்யிறது எண்டு தெரியாது. நீந்தத் தெரியாதவன் கடலின்ர உப்பு வீதத்தை எழுதிப் புள்ளி எடுத்த மாதிரித்தான் இது.

மனைப்பொருளியல் எண்டு ஒரு பாடம் இருக்கே எண்டு சொல்லுவீங்கள். இருக்கு. ஓ.எல்.க்கு விருப்பப் பாடமா, தொகுதிப் பாடங்களில ஒண்டா இருக்கு. எங்கட வகுப்பில அதை எடுத்த ஆம்பிளைப் பிள்ளை ஒருத்தரும் இல்லை. எடுக்கப் போறன் எண்டு பகிடிக்குச் சொன்ன ஒருத்தனை ஒரு மாசம் "மாமி" எண்டு கூப்பிட்டம். நானும் கூப்பிட்டன். சத்து எல்லாருக்கும் பொது, சமையல் பொம்பிளைப் பிள்ளையளுக்கு விருப்பப் பாடம். இதைப் பாடத்திட்டம் வெளியில சொல்லாது. ஆனா பெட்டியில கிடக்கிற பாடத்தை ஆர் எடுக்கினம் எண்டு பார்த்தாத் தெரியும்.

நாக்கு தானா மாறேல்லை

"இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குப் பாணும் நூடில்ஸும்தான் பிடிக்கும்" எண்டு பெரியாக்கள் சொல்லும்போது, ஏதோ நாங்கள் பிறக்கும்போதே கோதுமை நாக்கோட பிறந்த மாதிரி இருக்கும். கதை அப்பிடி இல்லை.

இந்த நாட்டில வியாபாரத்துக்கெண்டு கோதுமை விளையிறது இல்லை. இரண்டாம் உலகப் போரில, 1942இல பர்மா யப்பானிட்ட விழ, அங்கயிருந்து வந்த அரிசி நிண்டுபோச்சு. அந்த ஓட்டையை அடைக்கக் கோதுமை மா வந்தது. போர் முடிஞ்சும் அது போகேல்லை. 1953இல பங்கீட்டு அரிசியின்ர விலை ஒரு கொத்து 25 சதத்தில இருந்து 70 சதமா ஏறினது. பாடசாலைப் பிள்ளையளின்ர மத்தியானச் சாப்பாட்டையும் அரசாங்கம் நிப்பாட்டினது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுக்க ஹர்த்தால், பிறகு பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசி இந்த நாட்டில எவ்வளவு பெரிய அரசியல் எண்டு அதில தெரியும். 1954இல அமெரிக்கா பி.எல். 480 எண்ட சட்டத்தால தன்ர உபரிக் கோதுமையை உதவி எண்டு உலகம் முழுக்க அனுப்பத் தொடங்கினது, அதில எங்களுக்கும் வந்தது. 1977இல சிங்கப்பூரின்ர பிறிமா நிறுவனத்தோட ஒப்பந்தம், கொஞ்ச வருசத்தில திருகோணமலைச் சீனக்குடாவில பெரிய மாவாலை.

ஆக, எங்கட காலமைச் சாப்பாட்டைத் தீர்மானிச்சது போர், உதவி, ஒப்பந்தம், விலை. மலையகத்தில தோட்டத்து லயங்களில ரொட்டி எப்பிடி முக்கிய சாப்பாடாச்சு எண்டு என்ர வகுப்பு நண்பர்களைக் கேட்டாலும் பங்கீட்டு மாவின்ர கதைதான் வரும். பிள்ளையின்ர நாக்கைக் குற்றம் சொல்ல முதல் இதைப் பார்க்க வேணும்.

ஆனா இந்தக் கதையில எனக்கு மிகவும் பிடிச்ச பகுதி ஒண்டு இருக்கு. அந்த அந்நிய மா எங்கட குசினிக்க வந்தபோது, எங்கட பொம்பிளையள் அதைப் பார்த்துத் திகைக்கேல்லை. அதை நீராவியில அவிச்சு, அரிதட்டில அரிச்சு, அவிச்ச மா ஆக்கி, பிட்டும் இடியப்பமும் செய்தவை. கோதுமையைப் பிட்டாக்கிச் சாப்பிடலாம் எண்டு எந்த அமெரிக்கனும் சொல்லிக் குடுக்கேல்லை. கைப்பழக்கம் இருந்ததால வந்த மாவை வசப்படுத்தினவை. எங்களுக்கு இண்டைக்கு எங்கட சொந்தக் குரக்கனையே வசப்படுத்தத் தெரியாது. இழந்தது ஒரு தானியத்தை இல்லை. எந்தத் தானியம் வந்தாலும் சமாளிக்கிற கையை.

அம்மம்மா சொன்னது

இந்த இடத்தில "எல்லாரும் பழைய காலத்துக்குத் திரும்புவம்" எண்டு முடிக்கிற கட்டுரைகள் நிறைய இருக்கு. எனக்கு அதில சம்மதம் இல்லை.

அம்மம்மா வடமராட்சி. குரக்கன் எண்டு நான் உற்சாகமாத் தொடங்க, அவ சிரிக்கவும் இல்லை. "அது எங்களுக்குப் பஞ்சத்துச் சாப்பாடு தம்பி" எண்டா. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருந்த காலத்தில பிள்ளையளுக்குக் குடுக்க வேற இல்லாமக் கூழ் காய்ச்சினதை அவ மறக்கேல்லை. அதுக்கும் முன்னம், சின்னப் பிள்ளையா உலக்கை பிடிச்சுக் கை காய்ச்சுப் போனதையும் மறக்கேல்லை. உரலில நெல்லுக் குத்தி, சுளகில புடைச்சு, திரிகையில குரக்கன் அரைச்சு, பிறகு அடுப்புக்கு முன்னால இருந்தது முழுக்கப் பொம்பிளையள். நெல்லுமில் வந்தபோது தனக்கு விடுதலை வந்த மாதிரி இருந்தது எண்டு அவ சொன்னா. "வெள்ளையரிசி சாப்பிட்டா நாங்களும் ஆக்கள் எண்டு ஒரு நினைப்பு" எண்டும் சொன்னா.

அம்மம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல ஏலும்? இன்ஸ்ரகிராமில உரலையும் உலக்கையையும் படம் பிடிச்சுப் போடுற ஆக்கள் ஒருநாளும் குத்திப் பார்க்காத ஆக்கள். பாரம்பரியம் எண்ட பேரில திரும்பவும் பொம்பிளையளின்ர தோளில உலக்கையை ஏத்துறதெண்டா, அந்தப் பாரம்பரியம் எங்களுக்கு வேண்டாம்.

அதாலதான் நான் சொல்லுறன்: மில்லு இருக்கட்டும். கிரைண்டர் இருக்கட்டும். ரைஸ் குக்கர் இருக்கட்டும். மிசின் செய்யக்கூடியதை மிசின் செய்யட்டும். மிச்ச வேலையை, ஊறவைக்கிறது, அளக்கிறது, பிசையிறது, பதம் பார்க்கிறது, பாத்திரம் கழுவுறது, இதைப் பத்து வயசில இருந்து எல்லாப் பிள்ளையும் பழகட்டும். ஆம்பிளைப் பிள்ளை முதல்ல பழகட்டும், அவன்தான் கனக்கப் பிந்தி நிக்கிறான்.

ஐஞ்சு சனிக்கிழமை

கோபப்பட்டா மட்டும் காணாது எண்டு நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒண்டு செய்தம். விடுமுறையில ஐஞ்சு சனிக்கிழமை, ஒரு நண்பன்ர வீட்டு முற்றத்தில, ஒன்பது பிள்ளையள். வயசு ஒன்பதில இருந்து பதின்மூண்டு. கல்கிசையில இருந்தும் தெஹிவளையில இருந்தும் வந்தவை, வெள்ளவத்தையில இருந்து ரெண்டு பேர். அஞ்சு பேர் ஆம்பிளைப் பிள்ளையள். இதைப் பெரிய சாதனை எண்டு எழுதேல்லை. நடந்ததைச் சொல்லுறன்.

முதல் சனிக்கிழமை அடுப்பே மூட்டேல்லை. மூண்டு விதமான அரிசியைக் கையில குடுத்தம். சிவப்பு நிறம் தவிட்டிலதான் இருக்கு, தீட்டத் தீட்ட அது போகும், அதால அரைவாசி தீட்டின அரிசியில சிவப்புக் கோடு கோடாத் தெரியும் எண்டு சொன்னம். பிள்ளையள் ஒவ்வொரு மணியா எடுத்துப் பார்த்துப் பிரிச்சினம். "தவிடு எண்டா மாட்டுக்குப் போடுறதுதானே அண்ணா?" எண்டு ஒருத்தி கேட்டாள். ஓம் எண்டன். "அப்ப மாடு எங்களை விட நல்லாச் சாப்பிடுதா?" எண்டாள். பாடப் புத்தகத்தில ஒரு பக்கத்தில எழுதினதை அவள் ஒரு கேள்வியில முடிச்சிட்டாள்.

ரெண்டாம் கிழமை சிவப்பரிசிச் சோறு. வீட்டில வெள்ளையரிசிக்கு வைக்கிற அதே தண்ணியை வைச்சு, "குக்கர் நிண்டிட்டுது, ஆனா சோறு கல்லு மாதிரி" எண்டு நிண்டவை. ஏன்? தண்ணி இருக்கும் மட்டும் சட்டி 100 பாகைக்கு மேல போகாது. தண்ணி வத்தினதும் சூடு ஏறும், அப்ப குக்கர் தானா நிக்கும். அரிசி வெந்ததோ எண்டு குக்கருக்குத் தெரியாது. தவிடு உள்ள அரிசிக்குள்ள தண்ணி இறங்க நேரம் எடுக்கும். ஒரு மணித்தியாலம் ஊறவைச்சு, ஒரு சுண்டு அரிசிக்கு ரெண்டரைச் சுண்டு தண்ணி வைச்ச ரெண்டாவது சட்டி சரியா வந்தது. பௌதிகமும் சோறும் ஒரே சட்டியில வெந்த அண்டைக்குத்தான், விஞ்ஞானத்தை ஏன் குசினியில படிப்பிக்கிறது இல்லை எண்டு எனக்கு ஆச்சரியமா இருந்தது.

மூண்டாம் கிழமை குரக்கன் பிட்டு, தோல்வி. முதல் தோல்வி எங்கட. குரக்கனைக் கழுவிக் காயவைச்சு ஒரு மில்லில அரைக்கக் குடுத்தம். முதல்ல மிளகாய் அரைச்ச மிசினில அரைச்சுத் தந்திட்டினம். ஒரு பிடி அரிசியைப் போட்டு மிசினைத் துடைச்சுப்போட்டு அரையுங்கோ எண்டு சொல்ல வேணும் எண்டது எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், நாங்கள் கேக்கேல்லை. ரெண்டாவது தோல்வி பிள்ளையளின்ர. தண்ணியைத் தெளிக்கச் சொல்ல, ஊத்திட்டினம். பிட்டு மா களியாப்போச்சு. எறிவமோ எண்டு யோசிக்க, என்ர தம்பி, வீட்டில ஒரு கோப்பை கழுவாதவன், "தேங்காய்ப்பூவும் கொஞ்ச மாவும் போட்டு ரொட்டியாத் தட்டுவம்" எண்டான். தட்டினம். மிளகாய் மணத்தோட குரக்கன் ரொட்டி. ஒரு துண்டும் மிஞ்சேல்லை.

அடுத்த கிழமை பிட்டு வந்தது. அரைவாசி குரக்கன் மா, அரைவாசி வறுத்த சிவப்பரிசி மா, உப்பு. தண்ணி கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சு, விரல் நுனியால பிசறி, சுண்டால கொத்தி. கையில பிடிச்சா உருண்டை நிக்க வேணும், அமத்தினா உதிர வேணும். இந்தப் பதத்தை எழுத்தில படிப்பிக்க ஏலாது. ஒன்பது பேரும் பிடிச்சுப் பார்த்தவை, உதிர்த்துப் பார்த்தவை. நீத்துப்பெட்டியில அவிஞ்சு ஆவியோட கொட்டினபோது அவையின்ர முகத்தைப் பார்த்திருக்க வேணும். தான் அவிச்சதைப் பிள்ளை "எனக்குப் பிடிக்காது" எண்டு தள்ளி வைக்காது. இது ஒண்டுதான் நான் அடிச்சுச் சொல்லக்கூடிய கண்டுபிடிப்பு.

கடைசிக் கிழமை வெளியில போனம். சுப்பர்மாக்கெற்றில குரக்கன் எண்டு பெரிய எழுத்தில போட்ட பிஸ்கட் பைக்கற்றுகளைத் திருப்பிப் பார்க்கச் சொன்னம். உள்ளடக்கப் பட்டியலில எது கூட இருக்கோ அதுதான் முதல்ல வரும் எண்டு சொல்லிக் குடுத்தம். பிள்ளையள் எடுத்துப் பார்த்த எல்லாத்திலயும் முதல்ல கோதுமை மா. பிறகு சீனி. குரக்கன் எங்கயோ கீழ. மண்ணிறமா இருந்தாலே முழுத்தானியம் எண்டு இந்தப் பிள்ளையளை இனி ஒருத்தரும் ஏமாத்த ஏலாது.

"என்ர மகனை அடுப்படிக்கு விடாதீங்கோ"

எதிர்ப்பு வராமல் இல்லை. ரெண்டாம் கிழமைக்குப் பிறகு ஒரு அன்ரி கோல் எடுத்தா. "தம்பி, நல்ல வேலைதான் செய்யிறீங்கள், ஆனா என்ர மகனை அடுப்படிக்கு விடாதீங்கோ, அவனுக்கு ஸ்கொலர்ஷிப் வருது." அவவில எனக்குக் கோபம் இல்லை. அவவும் பயத்திலதான் கேக்கிறா. ஆனா பதில் சொல்ல வேணும்.

நேரம் இல்லை எண்டுறது. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கு ஞாயிறிலயும் ரியூசன் இருக்கு. பத்து வயசுப் பிள்ளைக்குக் கிழமையில ஒரு மணித்தியாலம் கூட இல்லை எண்டா, பிழை சமையலில இல்லை. அதோட, சுண்டு அளவில பின்னம் இருக்கு, அடுப்பில வெப்பம் இருக்கு, புளிக்கிறதில நுண்ணுயிர் இருக்கு. இதெல்லாம் நீங்கள் காசு குடுத்து வேற இடத்தில படிப்பிக்கிற பாடங்கள்.

ஆபத்து எண்டுறது. உண்மை. அதாலதான் கத்தியும் நெருப்பும் வயசுக்கேற்றபடி, பெரியாக்கள் பக்கத்தில நிண்டு. ஒன்பது வயசுக்கு ஊறவைக்கிறதும் பிசறுறதும் காணும். அடுப்பு பிறகு. வீதி கடக்கப் பழக்கிறம், கடலில குளிக்கப் பழக்கிறம். நெருப்பை மட்டும் ஏன் கலியாணம் முடிக்கும் மட்டும், இல்லாட்டி வெளிநாடு போகும் மட்டும் தள்ளி வைக்கிறம்?

விலை எண்டுறது. இதுதான் கனமான கேள்வி. குரக்கன் மா கோதுமை மாவை விட விலை கூட. பொய் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அதால நான் குரக்கனில தொடங்கச் சொல்லேல்லை. சிவப்பரிசியில தொடங்குவம், பயறில, கடலையில, கௌபியில தொடங்குவம். கோதுமை மலிவு எண்டதும் நிலையானது இல்லை. 2022இல டொலர் இல்லாமப் போக, ஒரு றாத்தல் பாண் 200 ரூபாவுக்குக் கிட்டப் போனதை மறந்திட்டமா? காஸ் வரிசையில சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு நிண்டதை மறந்திட்டமா? ஒரே ஒரு மாவில தங்கி நிக்கிற குசினிக்கு அடுத்த முறையும் அதுதான் நடக்கும். ரெண்டு மூண்டு தானியம் அவிக்கத் தெரிஞ்ச வீடு கொஞ்சமாவது தாக்குப் பிடிக்கும்.

சாப்பாடு குடுக்கிறது வேற, சமைக்கப் பழக்கிறது வேற

இந்தியாவில இதை அரசுகள் தொடங்கிட்டுது. ஒடிசா 2017இல சிறுதானியத்துக்கெண்டு தனித் திட்டம் தொடங்கினது. கர்நாடகா 2024இல பாடசாலைப் பிள்ளையளுக்குப் பாலோட ராகி மால்ற் குடுக்கத் தொடங்கினது. ராகி எங்கட குரக்கன்தான். எங்கட நாட்டிலயும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளையளுக்கு மத்தியானச் சாப்பாட்டுத் திட்டம் இருக்கு, இலைக்கஞ்சி காய்ச்சிக் குடுத்த பாடசாலைகளும் இருக்கு. இதுகள் நல்ல வேலை, கூட வேணும். ஆனா அங்கயும் பிள்ளை கோப்பையை நீட்டுது, சமைக்கிறது வேற ஒரு தாய். பிள்ளை பாடசாலையை விட்டு வெளியேறின அண்டைக்குக் கோப்பை வெறும் கோப்பை.

இங்கிலாந்தில 2014இல இருந்து பாடத்திட்டத்தில பதினாலு வயசு வரைக்கும் சமையல் கட்டாயம், ஆம்பிளைப் பிள்ளைக்கும் சேர்த்து. யப்பானில 2005இல உணவுக் கல்விக்கெண்டே ஒரு சட்டம் கொண்டு வந்தவை. மத்தியானச் சாப்பாட்டைப் பிள்ளையளே முறை வைச்சுப் பரிமாறி, அவையே துப்புரவாக்கினம். பிட்டும் கூழும் உள்ள எங்களுக்கு இது ஏன் ஏலாது?

எனக்கு வேணும் எண்டு கேக்கிறது பெரிசில்லை. நாலாம் வகுப்பில இருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும், ஒரு தவணைக்கு மூண்டு சாப்பாடு, எல்லாப் பிள்ளையும், கையால. சிவப்பரிசிச் சோறு, பயறு, குரக்கன் ரொட்டி, பிட்டு, சாமைக் கஞ்சி, இலைக்கஞ்சி. புள்ளி வேண்டாம், பரீட்சை வேண்டாம். பரீட்சை வைச்சா அடுத்த நாளே அதுக்கும் ரியூசன் தொடங்கிடும். கண்காட்சி வைக்கிறதெண்டா ஒரே ஒரு சட்டம்: பிள்ளை அவிச்சது மட்டும் மேசைக்கு வரலாம். கருகினாலும் பரவாயில்லை. அம்மா அண்டைக்கு ஏழு மணிக்கு எழும்பட்டும்.

ஆசுப்பத்திரிக் கடதாசியையும் மாத்துங்கோ. "குடும்பத்தில் உள்ள எல்லோரும் சமைக்கப் பழகவும்" எண்டு ஒரு வரி சேருங்கோ. குடுக்கும்போது பக்கத்தில நிக்கிற மகனிட்டக் குடுங்கோ.

அமைச்சு செய்யும் மட்டும் காத்திருந்தா இந்த ஒன்பது பேருக்கும் மீசை முளைச்சிடும். அதால எங்கட வயசுக்காரரிட்டக் கேக்கிறன். ரியூசன் குடுக்கத் தெரிஞ்ச எங்களுக்கு ஒரு சனிக்கிழமை பிள்ளையளோட அரிசி களையவும் ஏலும். உங்களுக்குச் சமைக்கத் தெரியாட்டி இன்னும் நல்லது, சேர்ந்து பழகலாம்.

அம்மான்ர கால் இப்ப சுகம். செவ்வாயும் வெள்ளியும் இரவுச் சாப்பாடு என்ர பொறுப்பு, புதன் தம்பின்ர. போன புதன் அவன் குரக்கன் பிட்டு அவிச்சான். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு, "உப்புக் காணாது" எண்டா. பிறகு ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டா. அப்பா எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினார், அதுவும் ஒருத்தரும் சொல்லாமல்.

வாற சனிக்கிழமை கல்கிசையில வரகு. வாற ஆக்கள் மூடியுள்ள சட்டி ஒண்டும், வீட்டில இருக்கிற தம்பி தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.